காலி நிலத்தில் இருந்த 185 வீடுகள்

குளோரின் கசிவு குறித்த விசாரணையில் சாட்சி எண் 7 அளித்த வாக்குமூலம். பெண், வயது 43. மண்டலப் பேரிடர் தடுப்பு அலுவலகத்தில் வரைபடப் பிரிவு முதுநிலைத் தொழில்நுட்பர். பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவை தனித்தாளில் எழுதி உறையிலிட்டு இத்துடன் வைக்கப்பட்டுள்ளன. விசாரணை அதிகாரி கேட்க, சாட்சி சொல்வதாவது:

நான் மேற்படி அலுவலகத்தில் பதினான்கு ஆண்டுகளாகப் பணிபுரிந்து வருகிறேன். என் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறார். பள்ளி இறுதி வகுப்பு படிக்கும் மகள் ஒருத்தி. இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கும்படி யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கொடுக்க வேண்டாம் என்று கட்டாயப்படுத்தியவர்கள் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

என் வேலை என்னவென்றால், ஆபத்தான ரசாயனங்களை வைத்திருக்கும் ஆலைகளும் கிடங்குகளும் எங்கெங்கே இருக்கின்றன, அவற்றைச் சுற்றி யார் யார் குடியிருக்கிறார்கள் என்பதைக் கணினி வரைபடத்தில் ஏற்றி, மாற்றம் வந்தால் திருத்தி வைப்பது. ஏதாவது ஓர் ஆலையில் கசிவு என்று தகவல் வந்தால், என்ன வாயு, எத்தனை டன், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைக் கொடுத்தவுடன், அது போகும் தூரத்தை மென்பொருள் இலை வடிவத்தில் வரைந்து காட்டும். இலையின் காம்பு ஆலையில் இருக்கும். நுனி காற்று போகும் பக்கம் நீளும். அந்த இலைக்குள் விழுகிற வீடுகளுக்கெல்லாம் கைபேசியில் செய்தி போகும். தலைக்கணக்கைப் பார்த்து எந்த இடத்துக்கு எத்தனை பேருந்து என்று ஓட்டுநர்களுக்கும் தானாகவே உத்தரவு போகும். வீடு வரைபடத்தில் ஏறியிருக்க வேண்டும். ஏறாத வீட்டுக்குச் செய்தியும் கிடையாது, பேருந்தும் கிடையாது.

சம்பவம் நடந்த ஆலை, குடிநீர் நிலையங்களுக்குக் குளோரின் வாயுவை உருளைகளில் நிரப்பி அனுப்பும் ஆலை. அதன் கிழக்கே நான்கு மாடியில் ஊழியர் குடியிருப்பு. தெற்கே சற்றுத் தள்ளி ரயில் பாதை போகும் மேடு. மேற்கே ஆலையின் பின்சுவருக்கும் மழைநீர்க் கால்வாய்க்கும் நடுவில் உள்ள நிலம் எங்கள் வரைபடத்தில் சாம்பல் நிறத்தில் 'காலி நிலம்' என்று இருந்தது. வீட்டுவரிப் பதிவேட்டிலிருந்து எடுத்துத்தான் வீடுகளை ஏற்றுவோம். அந்த நிலத்துக்கு வரி கட்டுபவர் யாரும் இல்லை.

சென்ற ஆண்டு மார்ச் மாதம் புதிதாக வந்த செயற்கைக்கோள் படத்தை வரைபடத்தின் மேல் பொருத்திப் பார்த்தபோது, அந்தச் சாம்பல் நிறத்துக்குள் தகரக் கூரைகள் நெருக்கமாகத் தெரிந்தன. உடனே என் பிரிவு மேலாளரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "நல்ல காரியம்தானேம்மா, போய்க் கணக்கெடுத்துட்டு வாங்க. எழுத்துல மட்டும் கேக்காதீங்க" என்றார். ஆகவே எழுத்தில் உத்தரவு இல்லை.

அதன் பிறகு நான் பதினொரு நாட்கள் அங்கே சென்று, கையடக்க இடங்காட்டிக் கருவியை ஒவ்வொரு வாசலிலும் வைத்து இடத்தைப் பதிந்து, கதவில் சுண்ணாம்புக் கட்டியால் எண் எழுதி, ஆள் கணக்கும் கைபேசி எண்ணும் வாங்கினேன். பின்சுவர் என்பதற்கு அடையாளமாகப் 'பி' என்ற எழுத்தைப் போட்டு பி-1 என்று தொடங்கினேன். மொத்தம் 185 வீடுகள். 703 பேர். கைபேசி எண்கள் 341.

முதல் நாள் யாரும் கதவைத் திறக்கவில்லை. இரண்டாம் நாள் ஒரு வெல்டர் வந்து என்ன ஏது என்று விசாரித்தார். அவரிடம் ஒன்றைச் சொன்னால் கால் மணி நேரத்தில் கடைசி வீடு வரை போய்விடும் என்பதால் அங்கே எல்லோரும் அவரை ரேடியோ என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு முப்பத்தெட்டு வயது. மனைவியும், இடது கால் விளங்காத மாமனாரும் அவருடன் இருந்தார்கள். நான் சொன்னதைக் கேட்டு முடித்ததும் அவரே முன்னால் நடந்து ஒவ்வொரு கதவாகத் தட்டி, "அக்கா கவர்மெண்டுதான். ஆனா இடிக்கிற கவர்மெண்டு இல்ல, பஸ் விடுற கவர்மெண்டு. நம்பரச் சொல்லுங்க" என்றார். அதன் பிறகு எல்லோரும் எண் கொடுத்தார்கள்.

துணி தேய்க்கும் அம்மா ஒருவர், "இத்தன நாளு உங்க மேப்புல நாங்க எங்க கண்ணு இருந்தோம்?" என்று கேட்டார். காலி நிலம் என்று இருப்பதாகச் சொன்னேன். அவர், "நல்லவேள, காலி நிலத்துக்கிட்டதான் அந்த மாடி வீட்டுக்காரங்க தெனமும் துணியக் குடுத்து தேச்சு வாங்கிட்டுப் போறாங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பழைய இரும்பு வாங்கி விற்பவர் ஒருவர் மட்டும் வீட்டை எண்ணிக்கொள்ள விட்டார், கைபேசி எண் தரவில்லை. "நீங்க மெசேஜ் அனுப்பித்தான் நான் மூக்கப் பொத்தணுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

பின்னர் அவர்கள் கூட வேண்டிய இடத்தை நான் தேர்ந்தெடுத்தேன். சந்துகளுக்குள் பேருந்து நுழையாது. பேருந்து திரும்பக்கூடிய ஒரே இடம், கால்வாய் ஓரமாக இருக்கும் லாரி எடைமேடை. அந்த இடம் பள்ளம் என்பது எனக்குத் தெரியும். குளோரின் காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில்தான் தேங்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் கசிவு தொடங்கியதிலிருந்து வாயு எடைமேடைக்கு வரக் குறைந்தது இருபது நிமிடம் ஆகும் என்றும், பேருந்து பன்னிரண்டு நிமிடத்தில் வந்துவிடும் என்றும் கணக்கு வந்தது. எட்டு நிமிடம் கையில் இருக்கிறது என்று எடைமேடையையே குறித்தேன்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரையும் வரவழைத்து ஒத்திகை நடத்தினேன். வாடை வந்தால் ஆளுக்கொரு பக்கம் ஓடக்கூடாது, எடைமேடைக்கு வரவேண்டும், பேருந்து வரும்வரை அங்கேயே நிற்க வேண்டும் என்று மூன்று முறை சொன்னேன். சரியாகப் புரிந்ததா என்று பார்ப்பதற்குத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். திருப்பிச் சொன்னார்கள். ரேடியோ தன் மாமனாரை முதுகில் தூக்கிக்கொண்டு வந்து நின்று, "பாஸா அக்கா?" என்று கேட்டார். பாஸ் என்று சொன்னேன். இரும்பு வியாபாரியின் வீட்டார் ஒத்திகைக்கு வரவில்லை.

இவை எல்லாவற்றையும் ஏப்ரல் முடிவதற்குள் வரைபடத்தின் மேல் ஒரு கண்ணாடித் தாளை விரித்ததுபோலத் தனி அடுக்காக ஏற்றினேன். ஜூன் மாதம் இரண்டாம் வாரம், ஆலை இன்னும் இரண்டு பெரிய தொட்டிகள் வைப்பதற்கு அனுமதி கேட்டிருந்த விண்ணப்பம் எங்கள் அலுவலகத்துக்குக் கருத்துக்காக வந்தது. இவ்வளவு பக்கத்தில் இத்தனை வீடுகள் இருந்தால் விதிப்படி அனுமதி கொடுக்க முடியாது. மேலாளர் என்னைத் தன் அறைக்கு அழைத்து, உட்காரச் சொல்லி, அந்த அடுக்கை எடுத்துவிடும்படி சொன்னார். "சார், அங்க ஆளுங்க இருக்காங்க" என்றேன். "இருக்காங்கம்மா. இல்லன்னு யார் சொன்னா? ஆனா நம்ம மேப்புல ஏத்திட்டா நாம ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நாளைக்கு அதையே காட்டி வீட்டுக்குப் பத்திரம் கேப்பாங்க. மேலேருந்து வந்த பேச்சு இது, என் பேச்சு இல்ல" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கும் ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார்.

அடுக்கை நான்தான் நீக்கினேன். வேறு யாரும் நீக்கவில்லை. அலுவலகக் கணினியில் என்னுடைய கடவுச்சொல்லில் செய்தது. உறுதியாக நீக்க வேண்டுமா என்று கணினி ஒரு முறை கேட்டது. ஆம் என்பதை அழுத்தினேன். வீடுகளோடு சேர்ந்து 341 கைபேசி எண்களும் போயின. எடைமேடையும் பேருந்து நிற்கும் இடங்களின் பட்டியலிலிருந்து போய்விட்டது. ஜூலை மாதம் ஆலைக்கு அனுமதி கிடைத்தது.

இதை அந்த மக்களிடம் நான் போய்ச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தாங்கள் கேட்டதற்கு, அடுத்த திருத்தத்தில் எப்படியாவது திரும்பச் சேர்த்துவிடலாம் என்று நினைத்தேன். அதுதான் காரணம் என்று சொன்னால் முழு உண்மை ஆகாது. அவர்கள் முகத்தில் விழிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஆகஸ்டு மாதம் துணி தேய்க்கும் அம்மா என்னைக் கைபேசியில் கூப்பிட்டு, "சோதனைக்கு ஒரு மெசேஜ் வரும்னியே கண்ணு, இன்னும் வரலயே" என்று கேட்டார். "வரும்மா" என்று சொன்னேன். "சரி, நீ சொன்னா சரி" என்று வைத்துவிட்டார். அந்த அழைப்பு ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை.

நவம்பர் ஒன்பதாம் தேதி காலை 10.17 மணிக்கு ஆலையில் ஓர் உருளையின் அடைப்பான் விட்டுப்போய்க் கசிவு ஏற்பட்டது. 10.21க்கு எங்கள் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் வந்தது. அப்போது அறையில் மேலாளரும், நானும், தொலைபேசி எடுக்கும் இருவரும் இருந்தோம். காற்று கிழக்கிலிருந்து மேற்கே அடித்தது. நான் விவரங்களைக் கொடுத்தேன். 10.22க்குச் சுவரில் உள்ள பெரிய திரையில் இலை வந்தது. முழு இலையும் சாம்பல் நிறத்தின் மேலேயே விழுந்தது. அதன் கீழே கட்டத்துக்குள், வீடுகள் 0, ஆட்கள் 0, தேவைப்படும் பேருந்துகள் 0 என்று வந்தது. தொலைபேசி எடுப்பவர்களில் ஒருவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர். அவருக்கு எதுவும் தெரியாது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "அப்பாடா" என்றார்.

நான் மேலாளரிடம், "சார், பின்சுவர்" என்று மட்டும் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தபடியே, "தெரியும்மா. ஃபயர் சர்வீஸ் போயிருக்கு, அவங்க பாத்துப்பாங்க" என்றார். பிறகு முன்னெச்சரிக்கைக்காக என்று சொல்லி, காற்று போகாத கிழக்குப் பக்கத்து ஊழியர் குடியிருப்புக்கு ஆறு பேருந்துகளை அனுப்பச் சொன்னார். 10.35க்குள் அங்கே எல்லோரும் ஏற்றப்பட்டார்கள். அங்கே யாருக்கும் இருமல்கூட வரவில்லை. அதில் இரண்டு பேருந்தையாவது எடைமேடைக்குத் திருப்பும்படி நான் ஓட்டுநர் ஒருவரிடம் பேசினேன். அவர், "என் வண்டித் திரைல அப்படி ஒரு எடமே காட்டலயேம்மா. எங்க இருக்கு அது?" என்று கேட்டார். நான் வழி சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேலாளர் ஒலிவாங்கியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு 10.31க்கு அறைக்கு வெளியே வந்து என் சொந்தக் கைபேசியிலிருந்து ரேடியோவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் நிறையப் பேர் பேசும் சத்தம் கேட்டது. யாரும் பதறுவது போலத் தெரியவில்லை.

"அக்கா, எல்லாரும் வந்தாச்சு. வீட்ல இருந்தவங்க ஒருத்தர் பாக்கியில்ல. பாதிப் பேர் ஓடப் பாத்தாங்க, நான்தான் புடிச்சு நிறுத்தினேன். பஸ் எங்க வருது?"

"பஸ் வராது. ரயில் மேட்டுக்கு ஓடுங்க. எல்லாரையும் கூட்டிட்டு மேல ஏறுங்க, உடனே."

அவர், "இத மொதல்லயே சொல்லியிருந்தா ஏறியிருப்போமே அக்கா" என்றார். அதன் பிறகு மேட்டுக்கு ஓடச் சொல்லி அவர் மற்றவர்களைப் பார்த்துக் கத்துவது கேட்டது. அழைப்பு துண்டிக்கப்பட்டது. நாற்பத்தெட்டு வினாடி. கைபேசி நிறுவனத்தின் பதிவு இத்துடன் உள்ளது. மீண்டும் நான்கு முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

அதன் பிறகு நடந்தவை எனக்குப் பிறர் சொல்லித் தெரிந்தவை. பெரும்பாலானவர்கள் வேலைக்குப் போயிருந்ததால் எடைமேடையில் சுமார் நூற்றறுபது பேர்தான் நின்றிருந்தார்கள். நடக்கக்கூடியவர்கள் மேட்டை நோக்கி ஓடினார்கள். 10.39க்கு வாயு எடைமேடைக்கு வந்துவிட்டது. நான் போட்ட கணக்கு இரண்டு நிமிடம்தான் தவறியது. ரேடியோ மனைவியை மேட்டில் விட்டுவிட்டு மாமனாருக்காகத் திரும்பிப் போனார். இரும்பு வியாபாரி வாடை வந்தவுடனேயே குடும்பத்தோடு மேட்டில் ஏறிவிட்டிருந்தார். அவர் முகத்தில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு இரண்டு முறை கீழே இறங்கி மூன்று பேரைத் தூக்கி வந்தார். மூன்றாம் முறை அவரால் இறங்க முடியவில்லை.

இறந்தவர்கள் ஒன்பது பேர். ரேடியோ, அவருடைய மாமனார், சாக்கு தைக்கும் அக்கா தங்கை இருவர், இரவுக் காவல் பணி முடித்து வந்து தூங்கும்போது எழுப்பிக் கூட்டிவரப்பட்ட ஒருவர், பிரசவம் முடிந்து பதினெட்டு நாளான ஒரு பெண், பார்வை தெரியாத பெரியவர் ஒருவர், அவர் கையைப் பிடித்துக்கொண்டு போன பக்கத்து வீட்டுக்காரர், எடைமேடையில் எடை போடும் எழுத்தர். எடைமேடை எழுத்தர் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவர் அல்ல. இத்தனை பேர் நிற்கிறார்களே என்று கதவைப் பூட்டாமல் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். முப்பத்தொரு பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

மறுநாள் நான் மருத்துவமனைக்குச் சென்றேன். துணி தேய்க்கும் அம்மாவின் மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் குழாயைத் தளர்த்திக்கொண்டு, "நீ சொன்ன எடத்துலதான் கண்ணு நின்னோம்" என்றார். அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தங்கள் பக்கம் எந்தத் தப்பும் நடக்கவில்லை என்று எனக்குத் தெரிவிப்பதைப் போலச் சொன்னார். செவிலியர் வந்து வெளியே போகச் சொன்னார். போய்விட்டேன்.

பின்னர் டிசம்பர் மாதம் தங்கள் விசாரணைக் குழு எங்கள் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியபோது, மேற்படி இடத்தில் எந்தக் கணக்கெடுப்பும் நடத்தப்படவில்லை என்றும், அப்படி ஓர் அடுக்கு எப்போதும் இருந்ததில்லை என்றும் எழுத்தில் பதில் கொடுக்கப்பட்டது. நான் அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்யவில்லை. ஆனால் படித்தேன்.

அதே டிசம்பர் மாதம் இருபத்து மூன்றாம் தேதி, மக்களின் பாதுகாப்பைக் கருதி அந்த இடத்தைக் காலி செய்யும்படி நில நிர்வாகத் துறை வீடு வீடாக அறிவிப்பு ஒட்டியது. அறிவிப்புகளில் பி-1 முதல் பி-186 வரை எண்கள் போடப்பட்டிருந்தன. நான் கணக்கெடுத்தபோது, 111க்கு அடுத்து மழை வந்துவிட்டதால் அவசரத்தில் 113 என்று எழுதிவிட்டேன். 112 என்று ஒரு வீடு கிடையாது. அறிவிப்புகளிலும் 112 இல்லை. பி-40 வீட்டுக்காரரின் பெயரில் நான் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டிருந்தேன். அவருடைய அறிவிப்பிலும் அதே எழுத்து மாறியிருக்கிறது. நான் நீக்கியதை யாரோ பழைய சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். செய்தி அனுப்புவதற்கு இல்லாத அடுக்கு, இடிப்பதற்கு இருந்திருக்கிறது. எல்லா அறிவிப்புகளின் நகல்களையும் வரிசைப்படி இணைத்திருக்கிறேன்.

ஜனவரி மாதம் வீடுகள் இடிக்கப்பட்டன. மாற்று இடம் கொடுக்கப்படவில்லை. எனக்குத் தெரிந்தவரை நாற்பது குடும்பங்கள் கால்வாய்க்கு அந்தப் பக்கம் போய்க் கூரை போட்டிருக்கின்றன. அந்த இடம் அமோனியா வைத்திருக்கும் ஒரு குளிர்பதனக் கிடங்கிலிருந்து அறுநூறு மீட்டர். அதுவும் எங்கள் வரைபடத்தில் காலி நிலம் என்றுதான் இருக்கிறது. நான் தற்போது தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பதால் அதைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்லை. இதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். அங்கே இன்று காலை வரை ஆட்கள் இருக்கிறார்கள்.

மக்களை எடைமேடையில் கூடச் சொன்னது யார் என்று தாங்கள் கேட்டீர்கள். இந்தக் கேள்வி வரும் என்று எனக்கு முன்பே தெரியும். சென்ற வாரம் மேலாளர் என் வீட்டுக்கு வந்து, "சனங்களாவே அங்க போய் நின்னாங்கன்னு சொல்லிடுங்கம்மா. ரெண்டு பேருக்கும் நல்லது. நீங்க சொன்னத அவங்கள்ல யாராவது எழுதியா வச்சிருக்கப் போறாங்க?" என்றார். அவர் போன பிறகு என் கணவர், "பொண்ணுக்கு இன்னும் படிப்பே முடியல, யோசிச்சுப் பேசு" என்றார். யோசித்தேன். கூடச் சொன்னது நான். அங்கேயே நிற்கச் சொன்னதும் நான். பேருந்து வராது என்று ஜூன் மாதத்திலிருந்து தெரிந்திருந்தவளும் நான். நான் அந்தப் பக்கமே போகாமல் இருந்திருந்தால், வாடை வந்தவுடன் அவர்கள் எல்லோரும் மேட்டுக்கு ஓடியிருப்பார்கள். இதன் பேரில் என்னைச் சாட்சி என்பதிலிருந்து மாற்றிக் குற்றம் சாட்டப்பட்டவர் என்று சேர்ப்பதானால் எனக்கு ஆட்சேபணை இல்லை. என்னை மட்டும் சேர்ப்பதானால் ஆட்சேபணை உண்டு.

மேலே உள்ளதைத் தட்டச்சு செய்து எனக்கு வாசித்துக் காட்டினார்கள். இறந்தவர்கள் என்று நான் சொன்ன ஓரிடத்தில் 'இறந்த ஆக்கிரமிப்பாளர்கள்' என்று இருந்தது. துறைக் கடிதங்களில் அப்படித்தான் இருப்பதாகத் தட்டச்சர் சொன்னார். நான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை, அதை எடுக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். விசாரணை அதிகாரி அதைக் கோடிட்டு அடித்து, 'குடியிருந்தவர்கள்' என்று தன் கைப்பட எழுதினார். எடைமேடை எழுத்தர் அங்கே குடியிருந்தவர் அல்ல என்றேன். அதையும் அடித்துவிட்டு, 'ஒன்பது பேர்' என்று எழுதினார். இரண்டு திருத்தங்களுக்கும் பக்கத்தில் அவரும் நானும் சுருக்கொப்பம் இட்டிருக்கிறோம்.

இதில் உள்ளவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டவை. வாசிக்கக் கேட்டு, திருத்தம் சொல்லி, சரியென்று கண்டேன். நடந்ததில் எதையும் மறைக்கவில்லை, நடக்காத எதையும் சேர்க்கவில்லை.

(ஒப்பம்)
சாட்சி எண் 7

என் முன்பாகச் சொல்லி, என் முன்பாக ஒப்பமிட்டார்.
(ஒப்பம்)
விசாரணை அதிகாரி